வெறும் கிண்ணம் திரும்பாது



இன்றைய பேச்சு சமையலைப் பற்றியது. 'இதில் பேச என்ன இருக்கிறது? தினமும் செய்கிற வேலைதானே' என்று நினைப்பீர்கள். சமைப்பது தினமும் நடக்கிற வேலைதான். ஆனால் சமைத்ததை அடுத்த வீட்டுக்குக் கொடுப்பது அவ்வளவு சாதாரண விஷயம் இல்லை. அவர்கள் கொடுப்பதை வாங்கிச் சாப்பிடுவதும் சாதாரணம் இல்லை. அதற்காகச் சண்டை நடந்திருக்கிறது. சொந்தக்காரர்களே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். காட்கோபரில் போலீஸ்கூட வந்திருக்கிறது. அந்தக் கதை பின்னால் வருகிறது.

முதலில் காட்கோபர். இங்கே குஜராத்திக்காரர்கள் நிறையப் பேர். மராத்திக்காரர்கள் நிறையப் பேர். தமிழர்களும் இருக்கிறார்கள். கிழக்கே நெடுஞ்சாலை ஓரத்தில் ரமாபாய் அம்பேத்கர் நகர் இருக்கிறது. அதை ஒட்டி ஒரு காமராஜ் நகரும் இருக்கிறது. மும்பையில் ஒரு குடிசைப் பகுதிக்குக் காமராஜர் பெயர் இருக்கிறது என்றால், அந்தப் பெயரை யார் கொண்டுவந்திருப்பார்கள்? சொல்ல வேண்டியதில்லை.

சாலிலும் குடிசையிலும் கதவு பகல் முழுவதும் திறந்தே இருக்கும். பக்கத்து வீட்டில் தாளிக்கும் மணம் இங்கே வரும். இங்கே கருவாடு வறுத்தால் நாலு வீட்டுக்குத் தெரியும். மறைக்க முடியாது. அதனால்தானோ என்னவோ, கொடுத்துச் சாப்பிடும் பழக்கமும் வந்துவிடுகிறது.

தை மாதம் பிறக்கிறது. தமிழர் வீட்டில் பொங்கல். அதே நாளில் மராத்தி வீட்டில் சங்கராந்தி. அவர்கள் எள்ளும் வெல்லமும் சேர்த்து உருண்டை பிடிப்பார்கள். அதற்குத் 'தில்குள்' என்று பெயர். அதைக் கையில் கொடுத்து, 'இதை வாங்கிக்கொள், இனிமையாகப் பேசு' என்று சொல்வார்கள். பேசாமல் இருந்தவர்கள்கூட அன்றைக்குப் பேசிவிடுவார்கள். தமிழர் வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல் ஒரு கிண்ணத்தில் போகும். அந்தக் கிண்ணம் திரும்பி வரும்போது காலியாக வராது. உள்ளே தில்குள் இருக்கும். கொடுக்க ஒன்றும் இல்லாத நாளில், ஒரு பிடி சர்க்கரையாவது இருக்கும். வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரக்கூடாது என்பது தமிழ்நாட்டு வழக்கம். மராத்தி வீடுகளிலும் இதே வழக்கம் உண்டு. யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஹோலி நாளில் 'பூரண் போளி' வரும். கடலைப் பருப்பும் வெல்லமும் வைத்தது. அட, இது போளிதானே! தமிழ்நாட்டில் பெரும்பாலும் மைதா மாவில் செய்வார்கள். இங்கே கோதுமை மாவு. அங்கே ஏலக்காய் மட்டும். இங்கே ஜாதிக்காயும் சேரும். பெயர்கூட மாறவில்லை.

குஜராத்திக்காரர்களின் 'டோக்ளா' இட்லிக்கு உறவு மாதிரி. மாவைப் புளிக்க வைத்து ஆவியில் வேகவைக்கிறார்கள். 'ஹாண்ட்வோ' என்று ஒன்று இருக்கிறது. அரிசியும் பருப்பும் சேர்ந்த மாவு. தயிர் விட்டுப் புளிக்க வைப்பார்கள். சுரைக்காய் துருவிப் போடுவார்கள். ஓர் அடை சாப்பிட்டுப் பழகியவருக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

இப்படிப் பார்த்தால் எல்லாம் இனிப்பாக இருக்கிறது. உண்மை அது மட்டும் இல்லை.

தாராவியில் உள்ள தமிழர்களில் பலருக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அந்தத் திருநெல்வேலிச் சீமையில் சேரன்மாதேவி என்று ஓர் ஊர். 1922ல் வ.வே.சு. அய்யர் அங்கே ஒரு குருகுலம் தொடங்கினார். தேசத்துக்காகப் பாடுபட்டவர். குருகுலத்துக்குக் காங்கிரஸ் பணம் கொடுத்தது. பல சாதிப் பிள்ளைகளும் அங்கே சேர்ந்து படித்தார்கள். ஆனால் இரண்டு பிராமணப் பையன்களுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போட்டார்கள். அந்தப் பையன்களின் பெற்றோர் அப்படிக் கேட்டிருந்தார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு அது எப்படி இருந்திருக்கும்? ஒன்றாகப் படிக்கலாம், ஒன்றாக விளையாடலாம், ஒன்றாகச் சாப்பிடக் கூடாது!

விஷயம் வெளியே வந்தது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கடுமையாக எதிர்த்தார்கள். 1925ல் தமிழ்நாட்டுக் காங்கிரசே இதனால் இரண்டு பட்டு நின்றது. இரண்டு இலைச் சோறு ஒரு மாநிலத்து அரசியலையே கலக்கிவிட்டது.

கேரளத்தில் அதற்கும் முன்பே ஒருவர் வேறு வழியில் போனார். அவர் பெயர் சகோதரன் அய்யப்பன். ஈழவர் வகுப்பில் பிறந்தவர். 1917 மே மாதம் செறாயி என்ற ஊரில் ஒரு பந்தி வைத்தார். தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட புலையர் பையன்களோடு, ஈழவர்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. அதற்கே சாதிக்காரர்கள் அவர்களை ஒதுக்கி வைத்தார்கள். அய்யப்பனைப் 'புலையன் அய்யப்பன்' என்று கேலி செய்தார்கள். அவர் கோபப்படவில்லை. அந்தப் பெயரைப் பெருமையாக ஏற்றுக்கொண்டார்.

'அதெல்லாம் பழைய காலம்' என்று சொல்லலாம். சரி, புதிய காலத்துக்கு வாருங்கள்.

2025 ஏப்ரல் மாதம். காட்கோபரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. மீனும் கறியும் சாப்பிடுகிற ஒரு மராத்திக் குடும்பத்தைப் பக்கத்து வீட்டார் இழிவாகப் பேசினார்கள் என்று தகராறு எழுந்தது. கட்சிக்காரர்கள் வந்தார்கள். போலீஸ் வந்து சமாதானம் செய்தது. செய்தித்தாள்களில் எல்லாம் வந்தது. வெளிநாட்டுச் சண்டை இல்லை. இதே காட்கோபர்தான்.

காமராஜ் நகரும் ரமாபாய் நகரும் இப்போது மறுகட்டுமானத் திட்டத்தில் இருக்கின்றன. குடிசை போய் மாடி வீடு வரும். தண்ணீர்க் குழாயும் கழிவறையும் வீட்டுக்குள்ளேயே இருக்கும். நல்லது, வேண்டியதுதான். ஆனால் மாடி வீட்டுக் கதவு சாத்தியே இருக்கும். பக்கத்து வீட்டில் யார் என்றே தெரியாது. தெரியாதவர் வீட்டு மணம்தான் நாற்றமாகத் தெரியும்.

சைவம் சாப்பிடுகிறவர் சைவமே சாப்பிடட்டும். அது அவர் இஷ்டம். சமண சமயத்தார் பலர் வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு தொடமாட்டார்கள். முஸ்லிம்கள் ஹலால் கறிதான் சாப்பிடுவார்கள். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கொடுப்பதுதான் மரியாதை. 'இது சேர்க்கலாமா அக்கா?' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். சர்க்கரை வியாதி உள்ளவர் வீட்டுக்கு இனிப்புக்குப் பதில் சுண்டல் கொடுக்கலாம். தவறு எங்கே வருகிறது என்றால், 'எனக்கு வேண்டாம்' என்பது 'உனக்கும் கூடாது' என்று மாறும்போது வருகிறது.

ஒரு படி மேலே போய் ஒரு செய்தி கேளுங்கள். தாராவிக்கு அருகே சயான் மருத்துவமனை இருக்கிறது. 1989ல் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் அங்கே ஒரு தாய்ப்பால் வங்கி தொடங்கினார். ஆசியாவிலேயே அதுதான் முதலாவது. ஒரு தாய் தன் குழந்தைக்குப் போக மிஞ்சிய பாலைக் கொடுப்பாள். குறைமாதத்தில் பிறந்த வேறொரு குழந்தைக்கு அது போகும். எந்தத் தாயின் பால், எந்தச் சாதி, எந்த மதம் என்று அந்தக் குழந்தை கேட்பதில்லை. குழந்தை பிழைத்தால் போதும் என்று பெற்றவர்களும் கேட்பதில்லை.

அதே டாக்டர் 1999ல் 'ஸ்நேஹா' என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். ஸ்நேஹா தாராவியில் பெண்கள், குழந்தைகள் நலத்துக்காக வேலை செய்கிறது. 2015 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அது தாராவியில் ஒரு கலைவிழா நடத்தியது. அந்த வேலையின் பகுதியாக ஒரு புத்தகமும் வந்தது. தாராவிப் பெண்கள் 8 பேரின் சமையலும் கதையும் அதில் இருக்கின்றன. தொகுத்து எழுதியவர் பிரஜ்னா தேசாய். கலை வரலாறு படித்தவர். புத்தகத்துக்கு வேடிக்கையான பெயர். தமிழில் சொன்னால் 'முடிவெடுக்க முடியாத கோழி' என்று வரும்!

அந்த 8 பேரும் ஓட்டல் நடத்துகிறவர்கள் இல்லை. வீட்டில் சமைக்கிற பெண்கள். ஒருவர் சமைப்பதை மற்றவர் பார்த்தார்கள், சாப்பிட்டார்கள், கேள்வி கேட்டார்கள். யாரும் அவர்களுக்குச் சமையல் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர்களிடம்தான் கேட்டு எழுதினார்கள். இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இருபது வருடம், முப்பது வருடம் அடுப்படியில் நின்ற பெண்ணிடம் 'இதை எப்படிச் செய்தாய்?' என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? 'உப்புக் குறைவு' என்று சொல்ல ஆள் இருக்கும். செய்முறை கேட்க ஆள் இருக்காது.

மாட்டுங்காவில் 1942ல் ராமா நாயக் ஓர் உடுப்பி சாப்பாட்டுக் கூடம் தொடங்கினார். புகழ் பெற்ற இடம். அங்கே காசு கொடுத்தால் சாப்பாடு கிடைக்கும். செய்முறை கிடைக்காது. கேட்கவும் முடியாது, அது வியாபாரம். சிநேகிதியிடம் கேட்கலாம். கேட்டால் அவள் முகம் மலரும். 'உன் கைச் சாப்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. உனக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. சொல்லிக் கொடு' என்று அர்த்தம். சாப்பாட்டை வாங்கிக்கொள்வது ஒரு மரியாதை. செய்முறை கேட்பது அதைவிடப் பெரிய மரியாதை.

ஆனால் கேட்பதிலும் ஒரு திறமை வேண்டும். நன்றாகச் சமைக்கிறவர்களுக்குச் சொல்லத் தெரியாது! 'கொஞ்சம் போடு' என்பார்கள். 'வாசம் வந்ததும் இறக்கு' என்பார்கள். என்ன வாசம்? பச்சை வாசம் போன பிறகா, வறுத்த வாசம் வந்த பிறகா? 'ஒரு வாட்டி' என்று மராத்தியில் சொன்னால் ஒரு கிண்ணம். யார் வீட்டுக் கிண்ணம்? ஆளுக்கு ஓர் அளவு இருக்கும். அதனால் பக்கத்தில் நின்று பார்ப்பதுதான் நல்லது. அவர் கை எடுத்ததை ஒரு தடவை உங்கள் கிண்ணத்தில் போட்டு அளந்து பாருங்கள்.

சாமான் பெயரிலும் குழப்பம் வரும். மராத்திக்காரர்களின் 'கோடா மசாலா'வில் 'தகட் பூல்' என்று ஒரு பொருள் சேரும். காய்ந்த கருப்புப் பூ மாதிரி இருக்கும். 'இது என்னவோ' என்று பயப்பட வேண்டாம். செட்டிநாட்டுச் சமையலில் போடும் கல்பாசிதான் அது. கறிவேப்பிலைக்கு இங்கே 'கடி பத்தா'.

எழுதி வைப்பதும் முக்கியம். மனசில் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். பாட்டி மனசில் இருந்தது பாட்டியோடு போய்விட்டது. ஊரை விட்டு வந்த குடும்பங்களில் இது அதிகம் நடக்கிறது. இரண்டு தலைமுறையில் ஊர்க் குழம்பின் பெயர் மட்டும் மிஞ்சுகிறது.

எழுத்து எப்படி உதவும் என்பதற்கு டப்பாவாலாக்களைப் பாருங்கள். 1890 முதல் மும்பையில் வீட்டுச் சாப்பாட்டைச் சுமந்து வேலை இடத்தில் சேர்க்கிறார்கள். பலர் அதிகம் படிக்காதவர்கள். டப்பா மூடியில் நிறமும் எழுத்தும் எண்ணுமாகச் சில குறிகள்தான் இருக்கும். எந்த நிலையம், எந்தக் கட்டடம், எந்த மாடி என்று அதிலேயே தெரியும். நாலு குறிக்கு அவ்வளவு பலம். இப்போது எழுதக் கற்றுக்கொண்ட உங்களிடம் நாலு குறி இல்லை, முழு எழுத்துகளே இருக்கின்றன.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு சமையல். மேலே பெயர். அதற்குக் கீழே யார் சொன்னது என்று எழுதுங்கள். பிறகு சாமான், அளவு, செய்முறை. எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும். உப்பு அளவில் மட்டும் பிழை வேண்டாம். ஆண்களும் எழுதலாம், சமைக்கவும் செய்யலாம். தடை ஒன்றும் இல்லை.

மாதிரிக்கு ஒரு பக்கம் இதோ. பூரண் போளி செய்யும் அன்று, கடலைப் பருப்பு வெந்த தண்ணீரை மராத்தி வீட்டில் கொட்டமாட்டார்கள். அதில் ரசம் போல ஒன்று செய்வார்கள்.

கட்டாச்சி ஆம்டி.
சொன்னவர்: பக்கத்து வீட்டு மாவ்ஷி.
கடலைப் பருப்பு வெந்த தண்ணீர் 4 கிண்ணம். வறுத்து அரைத்த தேங்காய் 2 கரண்டி. கோடா மசாலா 2 சிறு கரண்டி. மிளகாய்த் தூள் 1 சிறு கரண்டி. புளி சிறிய எலுமிச்சை அளவு. வெல்லம் ஒரு சிறு துண்டு. உப்பு 1 சிறு கரண்டி, பிறகு ருசி பார்த்துக்கொள்ளவும்.
எண்ணெயில் கடுகு, சீரகம், பெருங்காயம், கறிவேப்பிலை தாளிக்கவும். தேங்காயும் தூள்களும் போட்டு ஒரு நிமிடம் வதக்கவும். கருகக் கூடாது. பருப்புத் தண்ணீர், புளிக் கரைசல், வெல்லம், உப்பு சேர்க்கவும். போளிக்குச் செய்த பூரணத்தில் ஒரு கரண்டி எடுத்துக் கரைத்து விடவும். பத்து நிமிடம் கொதிக்கட்டும். தண்ணீராகத்தான் இருக்கும், கெட்டியாக்க வேண்டாம். சோற்றில் ஊற்றிச் சாப்பிடலாம். மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும் என்று மாவ்ஷி சொன்னார்.