வெள்ளிக் காசின் விலை என்ன?

(பரிசளிப்பு விழாவில் செபராங் பிறைத் தோட்டப் பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

     

பரிசளிப்பு விழாவில் படிப்பைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். நான் காசைப் பற்றிப் பேசப் போகிறேன். இதுவும் ஒரு படிப்புத்தான்.

நோட்டில் ரிங்கிட் என்று அச்சடித்திருந்தாலும், நாம் வீட்டில் "பத்து வெள்ளி", "நூறு வெள்ளி" என்றுதான் சொல்கிறோம். ஏன் அப்படி? ஒரு காலத்தில் இங்கே ஒரு டாலர் என்பது உண்மையிலேயே ஒரு வெள்ளிக் காசு. மலாய்க்காரர்கள் அக்காசின் விளிம்பில் இருந்த ரம்பப் பல்லைப் பார்த்து ரிங்கிட் என்றார்கள். நம்மவர்கள் உலோகத்தைப் பார்த்து வெள்ளி என்றார்கள். காசு போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

ஆனால் காசும் முழுதாகப் போய்விடவில்லை. நம் தாத்தா பாட்டிமார் டிரங்குப் பெட்டியின் அடியிலும், சாமி மாடத்திலும் முடிந்து வைத்த காசுகள் இன்றும் பல வீடுகளில் இருக்கின்றன. அவசரம் வந்தால் அவற்றைத்தான் எடுக்கிறோம். அங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் ஒரு பாட்டி மூன்று காசுகளை எடுத்துக்கொண்டு பட்டணத்துக்குப் போனார். ஒன்று 1904ஆம் ஆண்டுக் காசு, ஒன்று 1907, இன்னொன்று 1920. கடையில் சின்னக் காசுக்கு ஒரு விலை சொல்லி, "மூணும் ஒரு வெள்ளிக் காசுதானே பாட்டி" என்று மூன்றுக்கும் அதே விலையைக் கொடுத்தார்கள். பாட்டியும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அவருக்கு என்ன நட்டம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நீரிணைக் குடியேற்றங்கள் என்று பினாங்கையும் மலாக்காவையும் சிங்கப்பூரையும் சேர்த்து ஆண்டார்கள் அல்லவா? அந்த அரசு தனக்கென்று டாலர் அடித்தது 1903இல். அதற்கு முன் மெக்சிக்கோ நாட்டு டாலரும், திரிசூலம் பிடித்த பெண் உருவம் கொண்ட பிரிட்டிஷ் வணிக டாலரும் இங்கே ஓடின. 1903, 1904 காசின் எடை 26.95 கிராம். அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு சுத்த வெள்ளி. அதாவது ஏறத்தாழ 24 கிராம்.

1906இல் டாலரின் மதிப்பை 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று நிலைநிறுத்தினார்கள். வெள்ளி விலையோ ஏறிக்கொண்டே போனது. காசின் மதிப்பைவிட அதிலுள்ள வெள்ளியின் மதிப்பு கூடிவிட்டால் என்ன ஆகும்? சனங்கள் உருக்கி விற்றுவிடுவார்கள்! ஆகவே 1907 முதல் காசைச் சிறிதாக்கினார்கள்: 20.21 கிராம், சுத்த வெள்ளி 18 கிராம். முதல் உலகப் போரில் விலை மறுபடியும் ஏறியது. 1919, 1920 காசில் எடை 16.85 கிராம்தான், அதிலும் பாதிதான் வெள்ளி. சுத்த வெள்ளி 8 கிராம் சொச்சம்.

மூன்றிலும் எழுதியிருப்பது "ஒரு டாலர்". உள்ளே இருப்பது 24, 18, 8. பாட்டி கொண்டுபோன சுத்த வெள்ளி 50 கிராம். அவர் பணம் வாங்கியது 25 கிராமுக்கு. பாதி வெள்ளி போயே போச்சு! கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நிறுத்துப் பாருங்கள் என்று கேட்க நம் பக்கத்தில் ஆள் இல்லை.

ஆகவே பெற்றோர்களே, பழங்காசு விற்கப் போகுமுன் நான்கு காரியம் செய்யுங்கள்.

முதலாவது, ஆண்டைப் பாருங்கள். பம்பாயில் அடித்த காசில் "பி", பர்மிங்காமில் அடித்த 1907 காசில் "எச்" என்று சின்ன எழுத்து இருக்கும். சேகரிப்பவர்களுக்கு அந்த ஓர் எழுத்தும் முக்கியம்.

இரண்டாவது, நிறுத்துப் பாருங்கள். போலிக் காசு நிறைய உண்டு. காந்தத்தில் ஒட்டினால் அது வெள்ளி இல்லை. ஒட்டாவிட்டாலும் வெள்ளி என்று முடிவு கட்ட முடியாது. மாணவர்களே, ஆர்க்கிமிடீஸ் பாடம் படித்திருக்கிறீர்கள். தராசில் ஒரு கோப்பைத் தண்ணீர் வைத்து, எண்ணைப் பூச்சியமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியும் பக்கமும் தொடாமல் தண்ணீரில் முக்குங்கள். நல்ல 1904 காசு என்றால் சுமார் 2.6 கிராம் காட்டும். மிகவும் வித்தியாசப்பட்டால் சந்தேகப்படுங்கள்.

மூன்றாவது, தேய்க்காதீர்கள்! புளியும் விபூதியும் போட்டு வெள்ளிச் சாமானைப் பளபளப்பாக்குவது நம் வீட்டுப் பழக்கம். குத்துவிளக்குக்கும் சாமான்களுக்கும் அது சரி. பழங்காசுக்கு அந்தக் கறுப்புத்தான் அழகு. தேய்த்த காசுக்கும், சங்கிலியில் கோக்கக் காது வைத்துப் பற்றவைத்த காசுக்கும் சேகரிப்பவர் விலை குறைந்துவிடும். உருக்கு விலைதான் மிஞ்சும்.

நான்காவது, ஒரே கடையில் முடித்துவிடாதீர்கள். அன்றைய வெள்ளி விலையைத் தெரிந்துகொள்ளுங்கள். கணக்குக்காக ஒரு கிராம் 4 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், 24 கிராமுக்கு 96 ரிங்கிட். அதற்குச் சற்றுக் குறைத்துத்தான் நகைக்கடையில் கொடுப்பார்கள், அது வியாபாரம். அதை அடிவிலையாக வைத்துக்கொண்டு, பழங்காசு வியாபாரிகள் இரண்டு மூன்று பேரைக் கேளுங்கள். தேயாத காசு, அரிய காசு என்றால் அவர்கள் கூடவே தருவார்கள்.

இன்னொரு விலையும் உண்டு. 1920களின் கடைசியில் தோட்டத்தில் ஆணுக்கு நாள் கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் அதையும் 40, 32 என்று குறைத்தார்கள். ஒரு வெள்ளி என்பது பால்மரக் காட்டில் இரண்டு மூன்று நாள் உழைப்பு. அதைச் செலவழிக்காமல் முடிந்து வைத்தவர்கள் நம் முன்னோர். விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிள்ளையின் படிப்புக்கு, மருந்துக்கு என்று விற்கத்தான் வேண்டியிருக்கும். அதற்காகத்தான் அவர்களும் வைத்தார்கள். அதைப் பாதி விலைக்கு விட்டுவிடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

மாணவச் செல்வங்களே! எழுத்தும் எண்ணும் கற்ற நீங்கள், அடுத்த முறை பாட்டி பெட்டியைத் திறக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். ஆண்டைப் படித்துச் சொல்லுங்கள். கடைக்கும் கூடப் போங்கள். "கொஞ்சம் நிறுத்துப் பாருங்க அண்ணே" என்று மரியாதையாகக் கேளுங்கள். நீங்கள் படித்த படிப்பு உங்கள் வீட்டுக்குத் தரும் முதல் வருமானம் அதுவாகக்கூட இருக்கலாம்.