நோவும் மனமும்

(சங்கத்தின் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சமய சங்கத்தின் மேடையிலே ஒருவன் நாரி நோவைப் பற்றிப் பேசப் போகின்றான் என்று அழைப்பிதழிலே கண்டு, பெரியவர்கள் சிலர் சிரித்ததாகக் கேள்விப்பட்டேன். சிரித்தவர்களிற் பாதிப்பேர் நாரியைப் பிடித்துக்கொண்டுதான் சிரித்திருப்பார்கள் என்பது என் எண்ணம். நான் வைத்தியனல்லன், பல்கலைக்கழகத்திலே பயிலும் மாணவன். எங்கள் வீட்டிலே ஒருவருக்கு இழைக்கப்பட்ட அநியாயமே இவ்விஷயத்தைத் தேடிப் படிக்கும்படி என்னைத் தூண்டியது. அந்த அநியாயத்தைச் செய்தவர்களுள் நானும் ஒருவன்.

என் பெரியம்மாவுக்கு ஐந்து வருடமாக நாரி நோ. கிணற்றடியிலே தண்ணீர் அள்ளும்போது தொடங்கியது. முதல் மாதம் எல்லோரும் இரங்கினோம், எண்ணெய் காய்ச்சினோம், ஒற்றணம் கொடுத்தோம். ஆறாம் மாதத்திலே எடுத்த படத்தைப் பார்த்த ஒருவர், "முள்ளந்தண்டு தேய்ந்துவிட்டது, இனிக் குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது" என்று சொல்லியனுப்பினார். வேறோரிடத்திலே அதே படத்தைப் பார்த்த இன்னொருவர், "இதிலே பெரிதாக ஒன்றுமில்லை, எல்லாம் மனந்தான்" என்றார். முதற் சொல்லைக் கேட்ட பெரியம்மா முற்றம் கூட்டுவதையும், திருவலையில் இருந்து தேங்காய் திருவுவதையும் விட்டார். இரண்டாம் சொல்லைக் கேட்ட நாங்கள் அவரை நம்புவதை விட்டோம். தேர்த் திருவிழாவுக்கு வரமாட்டேன் என்று அவர் சொன்ன அன்று, "கலியாண வீடெண்டால் நாரி நோகாது, கோயிலுக்குப் போறதெண்டால்தான் நோகுமோ?" என்று என் தாயாரிடம் நான் கேட்டேன். பக்கத்து அறையிலே பெரியம்மா படுத்திருந்தார். அதன் பிறகு நான்கைந்து மாதம் அவர் தம் நோவைப் பற்றி எங்களிடம் வாய் திறக்கவேயில்லை. அவருக்குச் சுகமாகிவிட்டது என்றே நாங்கள் நினைத்துக்கொண்டோம்!

இந்த இரண்டு சொற்களும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினாலும், இரண்டுக்கும் அடியிலே கிடப்பது ஒரே பழைய எண்ணம். உடம்பிலே பழுது இருந்தால் நோ உண்டு; பழுது இல்லையாயின் நோவும் இல்லை, இருப்பதாகச் சொல்பவர் பொய் சொல்கிறார் என்பதே அது. பிரெஞ்சு தேசத்து ஞானியாகிய டேக்கார்ட் எழுதி, அவர் இறந்த பின்னர் 1664இல் பிரெஞ்சு மொழியில் வெளியான நூலொன்றிலே, நெருப்பருகே கால் வைத்த ஒருவனின் படம் உண்டு. கயிற்றின் ஒரு முனையை இழுக்க மறுமுனையிலே மணி அடிப்பது போல, காலிலே சுட்டதும் மூளையிலே நோ உண்டாகின்றது என்று அவர் விளக்கினார். நம் கோயிற் காண்டாமணியை நினைத்துக்கொள்ளுங்கள். இழுத்த அளவுக்கு ஒலி, இழுக்காவிட்டால் ஒலியில்லை. முந்நூறு வருட காலம் உலகம் ஏறக்குறைய இப்படித்தான் நம்பியது. 1965ஆம் ஆண்டிலே கனடா தேசத்தவரான றொனால்ட் மெல்சாக் என்பவரும், ஆங்கிலேயரான பற்றிக் வோல் என்பவரும், முண்ணாணிலே ஒரு வாயில் போன்ற அமைப்பு உண்டென்றும், உடம்பிலிருந்து வரும் செய்தியை அது கூட்டவும் குறைக்கவும் வல்லதென்றும், மூளையும் மேலிருந்து அவ்வாயிலைத் திறக்கவும் மூடவும் கூடுமென்றும் எழுதினார்கள். அன்றோடு மணிக்கயிறு அறுந்தது எனலாம்.

இதற்குச் சான்றாக இரண்டு சம்பவங்களைச் சொல்கின்றேன். 1995ஆம் ஆண்டிலே பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையிலே வெளிவந்த செய்தி ஒன்று. 29 வயதுடைய கட்டடத் தொழிலாளி ஒருவர் உயரத்திலிருந்து குதித்தபோது 15 சென்ரிமீற்றர் நீளமான ஆணியொன்று சப்பாத்தைத் துளைத்து மேலே வந்துவிட்டது. ஆணியைச் சற்று அசைத்தாலும் துடித்தார்; மயக்க மருந்து கொடுத்தே அதைக் கழற்றினார்கள். சப்பாத்தை அகற்றிப் பார்த்தால், ஆணி இரு விரல்களுக்கு இடையாற் போயிருந்தது; காலிலே ஒரு கீறலுமில்லை. அந்த மனிதர் நடித்தாரா? இல்லை. ஆணியைக் கண்ட கண்ணும், அதன் பொருளை அறிந்த மூளையும் சேர்ந்து உண்டாக்கிய மெய்யான நோ அது.

மற்றையது லொறிமர் மோஸ்லி என்னும் அவுஸ்திரேலியரின் கதை. அவர் ஓர் இயன்மருத்துவர், அதாவது பிஸியோதெரபிஸ்ட். காட்டு வழியே நடந்துபோகையில் இடது காலிலே ஏதோ தட்டியது. சுள்ளியாக்கும் என்று எண்ணி, ஆற்றிலே இறங்கிக் குளித்துவிட்டுக் கரையேறியவர் மயங்கி விழுந்தார். கடித்தது அந்நாட்டின் கொடிய விஷப் பாம்புகளுள் ஒன்று. உயிர் தப்பியது தெய்வாதீனம். ஆறு மாதத்தின் பின்னர் மீண்டும் அவர் காட்டிலே நடந்தபோது, அதே காலில் ஏதோ தட்டியது. இம்முறை தாங்கமுடியாத நோவினாற் கதறினார். நண்பர்கள் ஓடிவந்து பார்த்தால், உண்மையாகவே அது சுள்ளி கீறிய கீறல்! பாம்பு கடித்தபோது நோ இல்லை. சுள்ளி கீறியபோது பெரு நோ. இதை அவரே மேடைகளிற் சொல்லிச் சபையோரைச் சிரிக்க வைப்பார். அவரும் டேவிட் பட்லர் என்னும் இன்னொரு இயன்மருத்துவரும் நோயாளிகளுக்கு நோவின் இயல்பை விளங்கவைப்பதற்கென்றே 2003ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார்கள்.

அவர்கள் சொல்வது இதுதான்: நோ என்பது பழுதை அளக்கும் தராசு அன்று; உடம்பைக் காக்கும் காவல். காவல் நாயை எண்ணிப் பாருங்கள். வீட்டிலே ஒருமுறை கள்ளன் புகுந்துவிட்டால், அடுத்த மாதம் முழுவதும் பனையோலை விழுந்தாலும் அது குரைக்கும். குரைப்பது பொய்க் குரைப்பன்று. தொண்டை வறளத்தான் குரைக்கிறது. ஆயினும் வாசலிலே கள்ளனில்லை. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் நோக்கள் பலவற்றில் நடப்பது இதுவே. அடிபட்ட இடம் ஆறியிருக்கும். நரம்புகளும் மூளையும் எச்சரிக்கை கொடுத்துக் கொடுத்துப் பழகி, சிறு அசைவுக்கும் குரல் கொடுக்கும். பயமும், நித்திரையின்மையும், வீட்டுக் கவலையும் அக்குரலை மேலும் உயர்த்தும். "எல்லாம் மனந்தான்" என்ற சொல்லிலே ஒரு துளி உண்மை இருந்திருக்கலாம். ஆனால் அதைச் சொன்ன விதத்திலும், அதைவிட அதிகமாக நாங்கள் அதை விளங்கிக்கொண்ட விதத்திலும் அந்த உண்மை நஞ்சாயிற்று. நோவை ஆராயும் சர்வதேச சங்கம் 2020ஆம் ஆண்டிலே நோவுக்குரிய வரைவிலக்கணத்தைத் திருத்தியபோது, ஒருவர் தமக்கு நோகிறது என்று சொன்னால் அச்சொல்லை மதிக்கவேண்டும் என்றும் சேர்த்து எழுதியது. இவ்வளவு எளிய விஷயத்தை எழுதிவைக்க வேண்டி வந்ததே என்று நான் வியந்தேன்; பிறகு என்னையே நினைத்து வெட்கினேன்.

நாவுக்கரசர் பெருமானுக்குச் சூலை நோய் வந்த வரலாற்றை இங்குள்ள சிறுவரும் அறிவர். அற்புதத்தை வைத்திய சாத்திரமாக்க முயல்கின்றேன் என்று எண்ணவேண்டாம். திலகவதியாரைப் பற்றி மாத்திரம் ஒரு வார்த்தை. குடலை முறுக்கும் நோவோடு தம்பியார் திருவதிகைக்கு வந்து காலில் விழுந்தபோது, தமக்கையார் "இது உன் மனப்பிரமை" என்று சொல்லவில்லை. "நீ தேடிக்கொண்டதுதானே" என்றும் கடியவில்லை. திருநீறு கொடுத்தார். விடியுமுன்னே அலகு எடுத்துத் திருக்கோயிலுக்குப் போகும்போது தம்பியாரையும் உடன் அழைத்துச் சென்றார். நோயாளியை நம்பினார், படுக்கையிலே விட்டுப் போகவுமில்லை.

இனி, "முள்ளந்தண்டு தேய்ந்துவிட்டது" என்ற முதற் சொல்லைப் பார்ப்போம். 2015ஆம் ஆண்டிலே வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்றில், நாரி நோவே இல்லாத 3,110 பேரின் முள்ளந்தண்டுப் படங்களை ஆராய்ந்தார்கள். முள்ளென்புகளுக்கிடையே மெத்தை போலிருக்கும் வட்டுக்களின் தேய்வு, 20 வயதுடையோரிலே நூற்றுக்கு 37 பேருக்கு இருந்தது. 80 வயதுடையோரிலே நூற்றுக்கு 96 பேருக்கு இருந்தது. நோவில்லாதவர்களுக்கே இவ்வளவு! தலைமயிர் நரைப்பது போன்ற இம்மாற்றத்தைச் சொல்லித்தான் எத்தனை தாய்மார் கட்டிலோடு கிடத்தப்பட்டிருக்கின்றார்கள்!

அப்படியானால் செய்யத்தக்கது யாது? அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலுள்ள கேர்ட்டின் பல்கலைக்கழகத்துப் பேராசிரியரும் இயன்மருத்துவருமான பீற்றர் ஓசலிவன் வளர்த்தெடுத்த முறை ஒன்றுண்டு. நோயாளி வந்தவுடன் படுக்கவைத்து அமுக்குவதில்லை. முதலில் "உங்கள் கதையைச் சொல்லுங்கள்" என்று கேட்பது. எப்போது தொடங்கியது, யார் என்ன சொன்னார்கள், எதற்குப் பயப்படுகிறீர்கள், எதை விட்டுவிட்டீர்கள் என்று பொறுமையாகக் கேட்பது. பிறகு அவர் குனிவதையும் எழுவதையும் கவனிப்பது. நெடுநாள் நோவுடையோர் பலர் மூச்சை அடக்கி, வயிற்றை இறுக்கி, முதுகைப் பலகைபோல் விறைத்துக்கொண்டே அசைவார்கள். காக்கும் எண்ணத்தோடு செய்யும் அந்த விறைப்பே நோவை வளர்க்கக்கூடும். மூச்சை விட்டு, இறுக்கத்தைத் தளர்த்தி, பயந்த அசைவையே சிறிது சிறிதாகச் செய்யப் பழக்குகிறார்கள். "குனிந்தேன், ஒன்றும் முறியவில்லை" என்பதை உடம்பே கண்டறிகின்றது. நூறு விளக்கம் செய்யாததை அந்த ஒரு அனுபவம் செய்துவிடும் என்பது என் துணிபு. இவற்றோடு நித்திரை, நடை, விட்டுப்போன அலுவல்கள் ஆகியவற்றையும் ஒழுங்குபடுத்துகிறார்கள்.

இதைப் பரீட்சித்த ஆய்வு 2023ஆம் ஆண்டிலே 'லான்செற்' சஞ்சிகையில் வெளிவந்தது. அன்றாட அலுவல் தடைப்படும் அளவுக்கு நெடுநாள் நாரி நோவுடைய 492 பேர். 12 வாரத்தில் ஏழு தடவை வரை சந்திப்பு. 26ஆம் வாரத்தில் இன்னொன்று. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைப் பார்க்கிலும் இவர்கள் நன்றாக இயங்கினார்கள். ஒரு வருடத்தின் பின்னரும் அப்பயன் நிலைத்திருந்தது. ஒரு பகுதியினருக்கு அசைவை அளக்கும் கருவிகளையும் உடம்பில் ஒட்டிப் பார்த்தார்கள். கருவியால் மேலதிகமான பயன் எதுவும் கிடைக்கவில்லை. இச்செய்தி எனக்குச் சிறிது சந்தோஷத்தைத் தந்தது என்பதை மறைக்கமாட்டேன். எல்லோருக்கும் நோ முற்றாக நீங்கியது என்று அவ்வாய்வு சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பெரியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நாரி நோவோடு கால் வலுவிழந்தாலோ, சலமலம் அடக்கமுடியாமற் போனாலோ, காய்ச்சல் கண்டாலோ, காரணமின்றி உடம்பு மெலிந்தாலோ, முன்னே புற்றுநோய் வந்திருந்தாலோ, விழுந்து அடிபட்டிருந்தாலோ என் பேச்சை மறந்துவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். சில வேளை வாசலிலே மெய்யாகவே கள்ளன் நிற்பான்.

பெரியம்மாவை சென்ற வருடம் ஓர் இயன்மருத்துவரிடம் அழைத்துப் போனேன். இளவயதுப் பெண்மணி. "அம்மா, முதலிலிருந்து சொல்லுங்கோ" என்றார். ஐந்து வருடத்திலே அப்படி ஒருவரும் அவரைக் கேட்டதில்லை. பெரியம்மா முக்கால் மணி நேரம் பேசினார், இடையிலே அழுதார். நான் தேர்த் திருவிழாவன்று சொன்ன வார்த்தையையும், நான் பக்கத்திலே இருக்கும்போதே, ஓர் எழுத்துத் தவறாமற் சொன்னார். அந்தப் பெண்மணி என்னைப் பார்க்கவில்லை. அது அவர் செய்த பெரிய உபகாரம். அன்று கொடுத்த பயிற்சி, கதிரை நுனியில் இருந்து மூச்சை விட்டபடி முழங்காலைத் தொடுவது மாத்திரமே. இரண்டு மாதத்தில் முற்றத்திலே பாதி கூட்டினார். இப்போது அரைத் தேங்காய் திருவுகிறார். மற்றப் பாதியை நான் திருவுகிறேன். நோ வரும் நாட்களும் உண்டு. அந்நாட்களில் அதை எங்களுக்குச் சொல்லுகிறார்.

இன்று அவரும் இங்கே வந்திருக்கின்றார். பெண்கள் பக்கத்திலே, கதிரையிலல்ல, பாயிலேதான் இருக்கின்றார். அடுத்த பேச்சின் நடுவில் அவர் எழுந்து வெளியே போனால் பேச்சாளர் மனம் வருந்தவேண்டாம். அரை மணிக்கொருமுறை எழுந்து வீதியிலே சற்று நடந்துவிட்டு வருவது அவருடைய ஒழுங்கு, திரும்பி வந்துவிடுவார்.