30 வீதத் தள்ளுபடி ஆருக்கு?

(ஸ்காபரோவில் வாடகைக்கு இருப்போர் கூடிய ஒரு சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாசம் எனக்குத் தெரிஞ்ச ஒரு அன்ரி கோல் எடுத்தா. பேஸ்மென்ற்றில ஆறு பேர் இருக்கினம். மேல இருக்கிற வீட்டுக்காரரும் எங்கட ஆள்தான். "தண்ணி பில் கூடிட்டுது, இனி மாசம் 60 டொலர் கூடத் தாங்கோ" எண்டு சொல்லிப்போட்டார். அன்ரி என்னட்டக் கேட்டது ஒண்டே ஒண்டு: "தம்பி, நாங்கள் கூடவோ குளிக்கிறம்?"

அந்தக் கேள்வியில ஒரு வெட்கம் இருந்தது. அந்த வெட்கம் அன்ரிக்கு உரியதில்லை எண்டு சொல்லத்தான் இண்டைக்கு வந்தனான்.

முதல்ல, பில் ஏன் கூடுது? ரொறன்ரோவின் தண்ணிக்கும் கழிவுநீருக்கும் சொத்து வரியில இருந்து காசு வாறதில்லை. ஒன்ராறியோ ஏரியில தண்ணி எடுத்துச் சுத்திகரிக்கிறது, வீட்டுக்கு அனுப்புறது, கழிவுநீரை ஹைலண்ட் கிரீக் மாதிரி நிலையங்களில சுத்தம் செய்யிறது எல்லாம் இந்த பில் காசிலதான். நிலத்துக்குக் கீழ இருக்கிற குழாய்களில சிலதுக்கு நூறு வயசுக்கு மேல. திருத்த வேலைகள் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, 2006 இல் இருந்து பல வருசம் 9 வீதப்படி கட்டணத்தைக் கூட்டினவை. 9 வீதப்படி எட்டு வருசம் கூட்டினால் பில் இரண்டு மடங்கு. 2024 இல் 3 வீதம், 2025 இல் 3.75 வீதம்.

ஆகவே "கட்டணமே கூட்டாதே" எண்டு மட்டும் கத்துறது எங்கட அரசியல் இல்லை. பொதுச் சேவைக்குக் காசு வேணும். அதைப் பட்டினி போட்டால் அடுத்ததாக "தனியாருக்கு வித்துவிடுவம்" எண்டு ஆரோ வருவினம். இங்கிலாந்தில 1989 இல் அதுதான் நடந்தது.

எங்கட கேள்வி வேற. அந்தக் காசை ஆர் எவ்வளவு கட்டுறது?

2025 இல் ரொறன்ரோவில ஆயிரம் லீட்டருக்கு ஏறக்குறைய 4 டொலர் 69 சதம். அன்ரியின்ர வீட்டுக்கும், சந்தியில இருக்கிற கொத்துரொட்டிக் கடைக்கும் அதே விலை. ஆனால் உற்பத்திக்குத் தண்ணி பாவிக்கிற பெரிய தொழிற்சாலை விண்ணப்பித்துத் தகுதி பெற்றால், வருசத்துக்கு 50 லட்சம் லீட்டருக்கு மேல பாவிக்கிற தண்ணிக்கு அதுக்கு ஏறக்குறைய 3 டொலர் 28 சதம்தான். 30 வீதத் தள்ளுபடி.

வருமானம் குறைந்த முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மாநகரசபை அதே 30 வீதத்தைக் குடுக்குது. ஆனால் வீடு அவையின்ர பேரில இருக்கவேணும். அதோட வருசத்துக்கு 4 லட்சம் லீட்டருக்குக் குறைவாகப் பாவிக்கவேணும். கணக்குப் பாருங்கோ: ஆறு பேர் எண்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லீட்டர். அம்மம்மா, அப்பப்பா, பிள்ளைகள் எண்டு ஒண்டா இருக்கிற எங்கட வீடுகளில அதைத் தாண்டுறது லேசு. வாடகைக்கு இருக்கிறவைக்கு அதுவும் இல்லை.

விளங்குதோ தோழர்களே? ஏழைக்கு, குறையப் பாவிச்சால் தள்ளுபடி. கம்பனிக்கு, கூடப் பாவிச்சால் தள்ளுபடி.

இன்னொண்டு மழை. 2024 ஜூலையில வெள்ளம் வந்து எத்தினை பேஸ்மென்ற் நாசமானது எண்டு உங்களுக்குத் தெரியும். பெரிய மோல் ஒண்டின்ர கார்த் தரிப்பிடத்தில விழுற மழை முழுக்க வடிகாலுக்குப் போகுது. அந்தச் செலவையும் தண்ணி பில்லிலதான் எடுக்கினம். தார் போட்ட நிலத்தின்ர பரப்பளவுக்கு ஏற்ப அறவிடுற திட்டம் ஒண்டு ரொறன்ரோவில பேசப்பட்டது. "மழைக்கும் வரியோ" எண்டு நக்கல் அடிச்சினம், 2024 வசந்தத்தில நிப்பாட்டிப்போட்டினம். பக்கத்தில மிசிசாகாவில 2016 இல் இருந்து அது நடைமுறையில இருக்கு.

அப்ப நாங்கள் கேட்க வேண்டியது மூண்டு. பெரும் பாவனைக்கான தள்ளுபடியை எடுங்கோ. பரந்த தார் நிலம் வைச்சிருக்கிறவையிட்ட மழைநீர்ச் செலவை அறவிடுங்கோ. வருமானம் குறைந்த வாடகைக் குடும்பங்களுக்கும் உதவி குடுங்கோ, ஆள் தொகையைப் பார்த்து. ஒவ்வொரு வருசமும் வரவுசெலவுத் திட்ட நேரம் மாநகரசபையில பொதுமக்கள் பேசலாம். இந்த முறை எங்கட அன்ரிமாரோட போவம். மொழிபெயர்க்க நாங்கள் இருக்கிறம்.

அன்ரிக்கு நான் சொன்ன மறுமொழி: "வாடகையோட தண்ணியும் சேர்த்தி எண்டு பேசித்தானே வந்தனீங்கள்? அப்ப உங்கட சம்மதம் இல்லாமல் அவர் தனியாக் கேட்க ஏலாது. ஒண்டிலயும் கையெழுத்துப் போடாதேங்கோ. நான் வந்து கதைக்கிறன்." போய்க் கதைச்சன். வீட்டுக்காரரும் அடைமானத்தில நெரிபட்டுக்கொண்டு இருக்கிற மனுசன். அவரிட்டயும் இந்த 30 வீதக் கதையைச் சொன்னன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மாநகரசபைக்கு எப்ப போறியள்?" எண்டு கேட்டார்.

அவரையும் கூட்டிக்கொண்டு போவம்.