ஆயிரத்து முந்நூறு பாவங்கள்



அழைப்பிதழில் என் பெயருக்கு நேரே "மன்னிப்பு: தத்துவம், சமயம், உளவியல்" என்று அச்சடித்திருக்கிறார்கள். பார்த்ததும், கிரேக்கத்தில் ஆரம்பித்துக் கீதை வழியாக இவன் குன்னூர் வந்துசேர ராத்திரி பத்தாகிவிடும் என்று சிலர் பயந்திருப்பீர்கள். பயப்படாதீர்கள். இந்த மலையை விட்டு அதிகம் இறங்குவதாக இல்லை.

நான் படுகன் இல்லை. படுகு பேசினால் புரியும், திருப்பிப் பேச வராது. ஆனால் இந்த ஊரில் இருக்கிறவன் எவனும் ஹட்டி என்கிற படுகர் ஊரில் நடக்கும் சாவுக்குப் போகாமல் இருக்க முடியாது. அங்கே ஆட்டமும் இசையும் அடங்கியபின், பிணத்தின் அருகே ஒரு பெரியவர் வந்து நிற்பார். கூட்டம் அமைதியாகிவிடும். அவர் இறந்தவரின் பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்குவார். இந்தச் சடங்கைக் கரு ஹரசோது என்பார்கள். எல்லையில் நட்ட கல்லை நகர்த்தியது, அண்ணன் தம்பிக்குள் சண்டை மூட்டியது, வழி கேட்ட ஏழைக்குத் தப்பான வழி காட்டியது, அடுத்தவன் வயலில் விளைச்சலைப் பார்த்து வயிறு எரிந்தது, ஊர்ந்து போன பாம்பையும் பல்லியையும் அடித்துக் கொன்றது என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றுக்கும், ஆமாம், அது பாவம்தான் என்று ஊரே ஒரே குரலில் ஏற்றுச் சொல்லும். ஆயிரத்து முந்நூறு பாவம் என்பது அவர்கள் கணக்கு. பழைய நாளில் அத்தனையையும் ஒரு எருமைக் கன்றின் மேல் ஏற்றி ஓட்டிவிடுவார்களாம். அந்தக் கன்றை அதற்குப் பிறகு யாரும் வேலைக்குப் பூட்டக்கூடாது. கோவர் என்ற ஆங்கிலேயர் 1871-லேயே இதைத் தன் நாட்டுப்பாடல் நூலில் அச்சேற்றினார். பிறகு 1909-ல் தர்ஸ்டன் என்ற இன்னொரு ஆங்கிலேயரும் எழுதினார்.

இதில் இரண்டு விஷயம் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒன்று, பட்டியல் எல்லோருக்கும் ஒன்றுதான். செத்தவர் ஊர்க்கவுடராக இருந்தாலும் சரி, ஒரு குழி நிலம் இல்லாதவராக இருந்தாலும் சரி. எங்கள் அப்பா எல்லைக்கல்லைத் தொட்டதே இல்லை என்று எந்த மகனும் எழுந்து மறுப்பு சொல்வதில்லை. இன்னொன்று, அந்தப் பட்டியல் எவ்வளவு பொடிப்பொடியாக இருக்கிறது பாருங்கள். "ஏதோ தெரிந்தும் தெரியாமலும் செய்திருப்பார், பொறுத்துக்கொள் சாமி" என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. கல், வேலி, பல்லி, மருமகள் என்று பெயர் சொல்லிச் சொல்லி, ஊர் கேட்டு ஒப்புக்கொண்ட பிறகுதான் அடுத்த உலகத்துக் கதவு திறக்கட்டும் என்ற வேண்டுதல் வருகிறது.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். செய்ததைப் பெயர் சொல்லிச் சொல்லாத இடத்தில் மன்னிப்புக்கு வேலை இல்லை. அங்கே நடப்பது மூடி மறைப்பது.

பள்ளிவாசலில் ஜனாஸாத் தொழுகைக்குப் போயிருக்கிறீர்களா? தொழுகைக்கு முன் இறந்தவரின் மகனோ தம்பியோ வரிசையைப் பார்த்துத் திரும்பி நிற்பார். வாப்பா யாருக்காவது கடன் தர வேண்டியிருந்தால் என்னிடம் கேளுங்கள், யார் மனதையாவது நோகடித்திருந்தால் அல்லாவுக்காக மன்னித்துக்கொள்ளுங்கள் என்பார். அழுகைக்கு நடுவில் சொல்கிற இரண்டு வாக்கியம். நன்றாகக் கவனியுங்கள், கடனை மன்னிக்கச் சொல்லவில்லை. கடனைக் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். மனம் நொந்ததைத்தான் மன்னிக்கச் சொல்கிறார். மனிதனுக்கு மனிதன் செய்த தீங்கை, பாதிக்கப்பட்டவன் விட்டுக்கொடுக்காமல் இறைவனும் தள்ளுபடி செய்வதில்லை என்பது இஸ்லாத்தில் அழுத்தமான கொள்கை. யூத மரபிலும் அப்படியே. பாவமன்னிப்பு நாளின் நோன்பு கடவுளுக்குச் செய்த பிழைக்குத்தான் உதவும். பக்கத்து வீட்டுக்காரனுக்குச் செய்த பிழைக்கு அவன் வீட்டு வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.

இங்கே ஒரு தமிழாசிரியர் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். வள்ளுவரை எங்கே காணோம் என்று கேட்கிற பார்வை. வருகிறேன் ஐயா. பதினாறாவது அதிகாரம், பொறையுடைமை. தன்னைத் தோண்டுகிறவனையும் தாங்குகிற நிலம் போல இரு என்கிறார். வள்ளுவரிடம் சண்டை போட எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அவர் பார்த்தது சமவெளி நிலம். நம் நிலம் அப்படியா இருக்கிறது? 2009 நவம்பரில் கேத்தியிலும் குன்னூர் சுற்றுப்புறத்திலும் பார்த்தோம். சரிவை வெட்டினோம், ஓடையை அடைத்தோம், மேலே மேலே வீடு கட்டினோம். அதையெல்லாம் வருஷக்கணக்காகத் தாங்கிய மலை ஒரே மழையில் இறங்கியது. 40-க்கும் மேற்பட்ட உயிர் போனது. தாங்குவதற்கும் ஒரு சரிவுக்கோணம் உண்டு என்பது மலைக்காரனுக்குத் தெரியும்.

மெய்ப்பொருள் நாயனாரை உதாரணமாகச் சொல்லாத மேடை கிடையாது. சிவனடியார் வேஷத்தில் வந்து குத்தியவனைப் பத்திரமாக ஊர் எல்லை தாண்டிக் கொண்டுபோய் விடச் சொன்ன அரசர். நெஞ்சை உருக்குகிற கதைதான். ஆனால் அவர் வணங்கியது அந்த வேஷத்தை, அந்தத் திருநீற்றை. முத்தநாதன் என்ற மனிதனை மன்னித்தாரா என்பது அந்தக் கதைக்குள் வரவே இல்லை. எனவே அதை இன்றைக்கு ஓரமாக வைத்துவிடுகிறேன்.

நம் ஊட்டியைத் தொட்டுச் சென்ற கதை ஒன்று இருக்கிறது. கிரகாம் ஸ்டெயின்ஸ் என்ற ஆஸ்திரேலியர் 1965-ல் ஒடிசாவுக்கு வந்தார். பாரிபதாவில் தொழுநோயாளர் இல்லத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தார். அவருடைய பிள்ளைகள் இங்கே ஊட்டியில் விடுதியில் தங்கிப் படித்தார்கள். நாம் போகிற அதே சேரிங் கிராஸ், நாம் நனைகிற அதே மழை. விடுமுறைக்குப் போன இரண்டு பையன்கள், பிலிப்பும் திமோத்தியும், அப்பாவோடு மனோகர்பூர் என்ற கிராமத்துக்குப் போனார்கள். 1999 ஜனவரி 22 இரவு மூன்று பேரும் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தபோது ஒரு கும்பல் சுற்றி நின்று தீ வைத்தது. மூவரும் அதற்குள்ளேயே போனார்கள்.

கிளாடிஸ் ஸ்டெயின்ஸ், அந்தப் பிள்ளைகளின் அம்மா, கொன்றவர்களை மன்னித்துவிட்டேன் என்றார். நாடு முழுக்கப் பத்திரிகைகள் அதை முதல் பக்கத்தில் போட்டன. ஆனால் அவர் அதோடு சேர்த்துச் சொன்ன இன்னொன்றைப் பலர் கவனிக்கவில்லை. மன்னிப்பு வேறு, குற்றத்தின் விளைவு வேறு, இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள் என்பதுதான் அது. வாத்வா கமிஷன் விசாரித்தது. வழக்கு நடந்தது. முதல் குற்றவாளிக்கு 2003-ல் தூக்கு விதித்தார்கள். 2005-ல் உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2011-ல் உச்ச நீதிமன்றம் அந்த ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. வழக்கை நிறுத்துங்கள் என்று அந்த அம்மா யாரிடமும் மனு கொடுக்கவில்லை. ஊரை விட்டு ஓடவும் இல்லை. அதே பாரிபதாவில் மகளோடு இருந்து தொழுநோயாளர் இல்லத்தைப் பார்த்துக்கொண்டு 2004 வரை வாழ்ந்தார். அடுத்த வருஷம் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர் நம்பிக்கைப்படி ஏழு எழுபது தடவை மன்னிக்கச் சொல்லியிருக்கிறது. ஆனால் கொலையைக் கொலை என்று சொல்லாமல் ஒரு தடவைகூட அவர் மன்னிக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிது.

உளவியலுக்கு வருகிறேன், சுருக்கமாக. எவரெட் வொர்திங்டன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் மன்னிப்பைப் பற்றியே ஆராய்ச்சி செய்து வந்தவர். 1996 புத்தாண்டு பிறந்த நேரத்தில் அவருடைய வயதான தாயை வீடு புகுந்த ஒருவன் அடித்துக் கொன்றுவிட்டான். செய்தி தெரிந்ததும் அவருக்கும் அந்த ஆளை அடித்துக் கொல்லத்தான் தோன்றியதாம். புத்தகம் எழுதியவருக்கே அப்படி என்றால் நமக்கு எப்படி இருக்கும்? அவர் வகுத்த ஐந்து படிகளில் முதல் படி, நடந்ததை நினைவுக்குக் கொண்டுவருவது. மறப்பதற்கு நேர் எதிர்ப்பக்கம்தான் தொடக்கம். இன்னொன்றும் சொன்னார்: பழிவாங்க மாட்டேன் என்று முடிவெடுப்பது ஒரு நாள் வேலை, மனசு ஆறுவது வேறு வேலை, அது தன்பாட்டுக்குத்தான் வரும். 1726-லேயே ஜோசப் பட்லர் என்ற பாதிரியார் தன் பிரசங்கங்களில், தீங்கு கண்டு கோபம் வருவது இயற்கை, தேவையானதும்கூட, அது அளவு மீறிப் பழியாகாமல் பார்த்துக்கொள்வதே மன்னிப்பு என்றார். கோபமே வராதவனுக்கு மன்னிக்க என்ன இருக்கிறது?

இந்த இடத்தில் ஒரு கசப்பு. மன்னிக்கச் சொல்லி நாம் யாரிடம் போகிறோம்? குடித்துவிட்டு வந்து அடித்தவனிடம் யாரும் பேசுவதில்லை. கன்னம் வீங்கிய பெண்ணிடம்தான் மாமியார் வருகிறார், அத்தை வருகிறார், ஊர்ப் பெரியவர் வருகிறார். "ஆம்பிளை அப்படித்தான், நீதாம்மா பொறுத்துப் போகணும்." கொழுந்து எடுக்கப் போகிற பெண், நிறுவைக் களத்தில் எடை குறைத்து எழுதினாலும் பொறுத்துப் போக வேண்டும். அவளுக்கு ஒரு நாளும் பட்டியல் படிக்கிற வாய்ப்பு கொடுத்ததில்லை. இதற்கு மன்னிப்பு என்று பெயர் வைத்தால் கோபப்பட வேண்டியது நாம்.

பட்டியலைக் கேட்ட இடமும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிந்தபின் 1996-ல் டெஸ்மண்ட் டுட்டு தலைமையில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் உட்கார்ந்தது. அங்கே பொதுமன்னிப்பு கேட்டவன் அழ வேண்டியதில்லை, வருந்துகிறேன் என்று சொல்ல வேண்டியதும் இல்லை. செய்ததை ஒன்று விடாமல் சொல்ல வேண்டும், அரசியல் நோக்கத்தில் செய்ததென்று காட்ட வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. 7,000 பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள், 849 பேருக்குத்தான் கிடைத்தது. கண்ணீரை நம்பாமல் கணக்கைக் கேட்டார்கள். தாய்மார் பலருக்கு மகனைப் புதைத்த இடமாவது தெரிந்தது. கொன்றவனோடு ஒரே அறையில் உட்கார்ந்து, மன்னிக்க மாட்டேன் என்று சொன்னவர்களும் உண்டு. அதைச் சொல்லவும் அங்கே இடம் இருந்தது.

இனி நம் தோட்டம். இந்த அரங்கிலேயே பாதிப் பேருடைய அப்பாவோ பாட்டியோ சிலோனிலிருந்து வந்தவர்கள். அங்கே 1948-ல் சுதந்திரம் கிடைத்த கையோடு ஒரு சட்டம் போட்டு, மலையைத் தேயிலையாக்கிக் கொடுத்த ஜனங்களை நாடற்றவர்களாக்கினார்கள். 1964 அக்டோபர் 30-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் அங்கே, மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்க்கலாம் என்று. அந்த மக்களில் ஒருவரையும் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் வரிசையில் நின்று, இந்த மலைக்கு வந்தார்கள். அவர்களுக்காக 1968-ல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம்தான் பின்னால் டான்டீ ஆனது. கூடலூர்ப் பக்கமும் கோத்தகிரிப் பக்கமும் காட்டைத் திருத்தித் தேயிலை வைத்த கை அவர்களுடையது. ஐம்பது வருஷம் கொழுந்து கிள்ளியபின், ஓய்வு பெற்றாகிவிட்டது, லயன் வீட்டைக் காலி செய் என்ற பேச்சையும் கேட்டார்கள். நாம் மட்டும் யோக்கியமா? கடைத்தெருவில் அவர்களைச் "சிலோன்காரன்" என்று கூப்பிட்டோம், கோபம் வந்தால் "அகதி" என்றோம். அவர்கள் அகதிகள் அல்ல, இந்தியக் குடிமக்கள் என்று திருத்தக்கூட நமக்குத் தோன்றவில்லை.

2004 ஜூலையில் அன்றைய இலங்கை ஜனாதிபதி சந்திரிகா, அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது 1983-ல் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்துக்கு. 1948-க்கு அல்ல. 1964-க்கு யார் கேட்பது, கொழும்பா டில்லியா, அதற்கும் முன்னால் ராமநாதபுரத்திலும் திருச்சியிலும் ஆள் பிடித்துக் கப்பலேற்றிய வெள்ளைக் கம்பெனியா என்று கேட்டால் எனக்குத் தெளிவாகப் பதில் சொல்லத் தெரியும்: மூன்று பேருமே கேட்க வேண்டும். கேட்பார்களா என்பது வேறு விஷயம். ஆனால் கேட்கிற நாள் வந்தால், எதற்காக என்று எடுத்துப் படிக்க நம் கையில் பட்டியல் இருக்க வேண்டுமே, இருக்கிறதா?

அந்தக் கப்பலில் பெரியவர்களாக வந்து இறங்கியவர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். சிறுவயதில் இறங்கியவர்களுக்கே இப்போது அறுபது, எழுபது. எந்தத் தோட்டத்திலிருந்து வந்தார்கள், யாரை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள், அங்கே சேர்ந்த சேமலாபப் பணம் வந்ததா வரவில்லையா, முகாமில் எத்தனை நாள், இங்கே முதல் வருஷக் குளிரில் எந்தக் குழந்தை போனது, கடைத்தெருவில் யார் என்ன சொல்லிக் கூப்பிட்டது என்று எல்லாவற்றையும் அவர்கள் வாயால் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். அவர்கள் மன்னிப்பதா வேண்டாமா என்பதை நாம் பேசவே கூடாது, அது அவர்கள் சொத்து. இந்தக் கூட்டத்தை நடத்தும் மன்றத்தின் தலைவரிடம் கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த கூட்டத்துக்கு என்னை மாதிரி ஆளைக் கூப்பிடாதீர்கள். லயன் வீட்டுப் பாட்டி ஒருவரைக் கூப்பிடுங்கள், மேடை ஏற முடியாவிட்டால் நாம் அங்கே போவோம். எழுதிக்கொள்ள நாலு பிள்ளைகள் வேண்டும். பின்வரிசையில் நிற்கிறவர்களில் யார் யார் வருகிறீர்களோ, கூட்டம் முடிந்ததும் வாசலில் பெயர் கொடுங்கள். நோட்டும் பேனாவும் என் செலவு.