பழைய தெப்பத்தைச் சரிசெய்வோம்



காணிப்பாக்கம் என்றதும் பிள்ளையார்தான் நினைவுக்கு வருவார். பாகுதா ஆற்றங்கரை ஊர் அது. விநாயகர் சதுர்த்தியை ஒட்டி அங்கே பெரிய விழா நடக்கும். விழாவின் நிறைவில் தெப்போற்சவம். விளக்கு வெளிச்சத்தில் சாமி தண்ணீர் மேல் வலம் வருவார். நாம் கரையில் நின்று கும்பிடுவோம்.

தெப்பம் எப்படி மிதக்கிறது? இதை என்றாவது யோசித்துப் பார்த்தோமா?

பல கோயில்களில் தெப்பத்தின் அடியில் இருப்பவை காலி டிரம்கள்தான். சென்னை மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் தெப்பமும் அப்படித்தான். காலி டிரம்களைச் சேர்த்துக் கட்டுவார்கள். அதன்மேல் மரம், மூங்கில், பலகை போடுவார்கள். மேலே அலங்காரம் செய்வார்கள்.

இதே முறையில் ஆற்றுக்குப் பாலமும் போடலாம். கல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றின் மேல் 1874-ல் மிதவைப் பாலம் திறந்தார்கள். இன்றுள்ள ஹௌரா பாலம் 1943-ல் வந்தது. அதுவரை மக்கள் மிதவைப் பாலத்தில்தான் நடந்தார்கள். 2025-ல் பிரயாக்ராஜ் கும்பமேளாவுக்கு 30 மிதவைப் பாலங்கள் போட்டார்கள்.

இதற்குக் காரணம் என்ன? ஒரு காலிக் குடத்தின் வாயை மூடுங்கள். அதைத் தண்ணீருக்குள் அமுக்குங்கள். கையை மேலே தள்ளும். குடம் எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ, அவ்வளவு தண்ணீரின் எடைக்குச் சமமான விசை அதை மேலே தூக்கும். டிரம்மும் அப்படித்தான்.

இப்போது ஒரு குடும்பத்தை நினைத்துக் கொள்வோம். அப்பா, அம்மா, பாட்டி, மகன், மகள். வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய மிதவை கிடக்கிறது. எட்டு டிரம்கள். மேலே பலகை. மீன் வளர்க்கும் குட்டையில் தீவனம் போட அதைச் சரிசெய்ய வேண்டும். ஆளுக்கு ஒரு வேலை இருக்கிறது.

முதல் வேலை, பிரிப்பது. பழைய கயிறு வெயிலில் இற்றுப் போயிருக்கும். அதை நம்பக் கூடாது. அறுத்து எறிந்துவிட்டுப் புதுக்கயிறு வாங்க வேண்டும். பலகையைக் கத்தி முனையால் குத்திப் பார்க்க வேண்டும். முனை சுலபமாக உள்ளே இறங்கினால் அந்தப் பலகை உளுத்துவிட்டது. அதை மாற்ற வேண்டும்.

இரண்டாவது வேலை, டிரம்மைச் சோதிப்பது. மூடியை இறுக்கி மூடி, தண்ணீருக்குள் அமுக்க வேண்டும். காற்றுக்குமிழி வந்தால் அங்கே ஓட்டை இருக்கிறது. மூடியில் குமிழி வந்தால் ரப்பர் வாஷரை மாற்றினால் போதும். உடம்பில் வந்தால் அந்த டிரம்மை ஒதுக்கிவிடுவது நல்லது.

இங்கே ஒரு எச்சரிக்கை. எண்ணெய், பெயின்ட், இரசாயனம் இருந்த டிரம்மை வீட்டில் வெல்டிங் செய்யக் கூடாது. வெட்டவும் கூடாது. பார்த்தால் காலியாகத் தெரியும். உள்ளே ஆவி தங்கியிருக்கும். தீப்பொறி பட்டால் வெடிக்கும். பூச்சிமருந்து இருந்த டிரம் நமக்கு வேண்டாம். கழுவினாலும் விஷம் போகாது. குட்டை மீனுக்கும் ஆகாது. டிரம்மின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். மண்டை ஓட்டுப் படம் இருந்தால் தொடாதீர்கள். நாம் எழுத்துக் கற்றது இதற்கும் உதவும்.

மூன்றாவது வேலை, துருவைச் சுரண்டுவது. கம்பி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். பிறகு ரெட் ஆக்சைடு, அது காய்ந்தபின் பெயின்ட். துரு மேலேயே பெயின்ட் அடித்தால் பார்க்க அழகாக இருக்கும். உள்ளே இரும்பு அரித்துக் கொண்டே இருக்கும்.

நான்காவது வேலை, கட்டுவது. பக்கத்துக்கு நான்கு டிரம்களைப் படுக்க வைக்க வேண்டும. இரு வரிசைக்கும் நடுவில் நல்ல இடைவெளி வேண்டும். மிதவை அகலமாக இருந்தால்தான் சுலபமாகச் சாயாது.

ஐந்தாவது வேலை, கணக்கு. இதை மகளும் அம்மாவும் சேர்ந்து போடட்டும்.

ஒரு டிரம் 200 லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. டிரம் பாதி மூழ்கினால் 100 கிலோ தூக்கும். டிரம்மின் எடை சுமார் 20 கிலோ. மீதி 80 கிலோ. எட்டு டிரம்முக்கு 640 கிலோ. பலகையும் மரமும் 200 கிலோ என்று வைத்துக் கொள்வோம். மீதி 440 கிலோ. ஆளுக்கு 60 கிலோ என்றால் ஏழு பேர்.

முழுதும் மூழ்கினால் இன்னும் அதிகம் தாங்குமே என்று மகன் கேட்பான். தாங்கும். ஆனால் ஒரு டிரம் ஒழுகினால் என்ன ஆகும்? எல்லோரும் ஒரே பக்கம் நகர்ந்தால் என்ன ஆகும்? அந்த நேரத்துக்குத்தான் மீதிப் பாதியை விட்டு வைக்கிறோம்.

2023 மே 7-ஆம் தேதி கேரளத்தில் தானூரில் ஒரு படகு கவிழ்ந்தது. மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றியிருந்தார்கள். அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றினார்கள். 22 பேர் இறந்தார்கள். அதில் குழந்தைகள் பலர். பழைய படகுக்குப் பெயின்ட் அடித்துவிட்டால் அது புதுப் படகு ஆகிவிடாது.

கப்பல்களிலும் முன்பு இப்படித்தான் பாரம் ஏற்றினார்கள். பல கப்பல்கள் மூழ்கின. சாமுவேல் பிளிம்சால் என்பவர் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் போராடினார். 1876-ல் சட்டம் வந்தது. கப்பலின் பக்கத்தில் கோடு போட வேண்டும். அந்தக் கோட்டுக்கு மேல் தண்ணீர் ஏறும்படி பாரம் ஏற்றக் கூடாது.

நம் மிதவைக்கும் கோடு போடலாம். டிரம்மின் நடுவில் வெள்ளைக் கோடு. முதலில் ஆள் ஏறக் கூடாது. 50 கிலோ மணல் மூட்டை எட்டு ஏற்றுங்கள். ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். கோடு தண்ணீருக்கு மேல் தெரிந்தால் சரி. மறைந்தால் பாரத்தைக் குறையுங்கள். நீச்சல் தெரிந்தவரும் உயிர்காப்பு உடை போட்டுத்தான் ஏற வேண்டும். வெளி ஆட்களை ஏற்றிக் காசு வாங்குவதானால் அரசு அனுமதி வேண்டும்.

கடைசி வேலை அம்மாவுடையது. பலகையில் பெரிய எழுத்தில் எழுத வேண்டும்: "ஏழு பேர் மட்டும்."

பண்டிகைக்கு உறவுக்காரர்கள் வருவார்கள். பிள்ளைகள் ஓடி வந்து ஏறுவார்கள். "இன்னும் ஒருத்தர்தானே, ஏறட்டுமே" என்பார் மாமா. அப்போது பாட்டி அந்தப் பலகையைக் காட்டட்டும். "அடுத்த நடையில் வா, மாப்பிள்ளை" என்று சொல்லட்டும். மாமாவுக்குக் கோபம் வந்தால் வரட்டும். சாப்பாட்டு நேரத்தில் தணிந்துவிடும்.

உங்கள் ஊரில் பரிசலோ படகோ தெப்பமோ இருந்தால், எத்தனை பேர் ஏறலாம் என்று அதில் எழுதியிருக்கிறதா என்று நாளைக்கே போய்ப் பாருங்கள். எழுதவில்லை என்றால் கேளுங்கள்.