மண்ணுக்குள்ளே போன மூணரை அடி

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. பத்தாவது வரைதான் படிச்சிருக்கேன். "தோட்டத்துல தையல் ரூம் கட்டினதைப் பத்திப் பேசு, போதும்" என்று எங்க குழுத் தலைவி அக்கா சொன்னாங்க. அது ரெண்டு தடவை கட்டின ரூம். அதனால முதல் தடவை விட்ட தப்பையும் சேர்த்தே சொல்றேன்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஆவணியில், கைக்காசோடு குழுவில் 60,000 ரூபாய் கடன் வாங்கி, வீட்டுக்குப் பின்னாடி 10 அடிக்கு 12 அடியில் தகரம் போட்டு ஒரு ரூம் எடுத்தேன். "இது கரிசல்மா, வானம் ஆழமாத் தோண்டணும்" என்று கொத்தனார் சொன்னார். நான்தான் கேட்கல. "சின்ன ரூம்தானே அண்ணே, ஒரு அடி போதும். மண்ணுக்குள்ள புதைக்கவா கடன் வாங்கினேன்?" என்றேன். மிச்சம் பிடிச்ச காசில் தரைக்கு டைல்ஸ் ஒட்டினேன். வந்தவங்க எல்லாரும் தரை அழகா இருக்குன்னு சொன்னாங்க.

ஐப்பசி மழை வந்துச்சு. நம்ம கரிசல் மண் உங்களுக்குத் தெரியும். வெயில்ல சுருங்கி வெடிக்கும், மழையில ஊறி உப்பும். மேலே இருக்கறதையும் சேர்த்துத் தூக்கும். முதல்ல ஒரு மூலை தூக்குச்சு. டைல்ஸ் பிளந்துச்சு. தை மாசம் கதவு சாத்த முடியல, சுவர்ல விரல் நுழையுற வெடிப்பு. மிஷினை வெளியே எடுத்துட்டேன். தையல் நின்னு போச்சு, ரெண்டு தவணை கட்டல. காய்ச்சல்னு சொல்லிட்டுக் கூட்டத்துக்கும் போகல.

ஒருநாள் குழு மொத்தமும் வீட்டுக்கே வந்துட்டாங்க. பணம் கேட்டுச் சத்தம் போடுவாங்கன்னு நினைச்சு எனக்குக் கை நடுங்குச்சு. தலைவி அக்கா வெடிப்பைத் தடவிப் பார்த்துட்டு, "எவ்வளவு ஆழம் தோண்டினே?" என்று மட்டும் கேட்டாங்க. ஒரு அடின்னு சொல்லும்போதே அழுதுட்டேன். மூணு மாசத்துக்கு வட்டி மட்டும் கட்டலாம்னு தீர்மானம் எழுதி, மேற்கொண்டு 30,000 கொடுத்தாங்க. அது எல்லாரோட சேமிப்புப் பணம். இந்தத் தடவை தப்பினா பன்னிரண்டு பேருக்கும் நஷ்டம்.

எங்க குழுவில் மூத்த அம்மா ஒருத்தங்க சொன்னாங்க: "சித்திரையில மண்ணு வெடிக்கும்போது அதுல கம்பியை விட்டுப் பாரு தாயி. அது போற ஆழத்துக்குக் கீழே போய் நில்லு." விட்டுப் பார்த்தேன். மூணு அடிக்குக் கொஞ்சம் கம்மியாப் போச்சு. அதனால மூணரை அடி தோண்டினோம், ரெண்டடி அகலம். கூலி மிச்சமாகட்டும்னு நானும் வீட்டுக்காரரும் குழுப் பெண்களும்தான் தோண்டினோம்.

நூல் கட்டினதும் ரெண்டு மூலைவிட்டத்தையும் அளந்தோம். 10க்கு 12 ரூமுக்கு ரெண்டும் 15 அடி ஏழரை அங்குலம் வரணும். வித்தியாசம் வந்தா மூலை கோணல். அடியில கிராவல் அரை அடி, ரெண்டு தடவையாக் கொட்டித் தண்ணி தெளிச்சு, திமிசுக்கட்டையால் இடிச்சோம். அதுக்கு மேலே சிமெண்ட் ஒண்ணு, மணல் நாலு, ஒன்றரை ஜல்லி எட்டு என்ற கணக்கில் அரை அடி கான்கிரீட். அப்புறம் கருங்கல் கட்டு. தரைக்கு மேலே ஒன்றரை அடி பேஸ்மட்டம், டியூப் மட்டம் பிடிச்சுச் சரி பார்த்து, அதன் மேல் நாலு பக்கமும் கம்பி கட்டி பெல்ட் கான்கிரீட். ஏழு நாள் விடாமத் தண்ணி விட்டோம்.

தோண்டின கரிசலைத் திரும்ப உள்ளே போடல. அதுதான் முக்கியம். பக்கத்துக்கும் கிராவல், உள்ளேயும் கிராவல்தான். கூரைத் தண்ணி சுவரோரம் விழாம பைப் வச்சுத் தள்ளி விட்டோம். சுத்தி ரெண்டடிக்கு வெளிப்பக்கம் சரிவாத் தளம் போட்டோம்.

பழைய கதவும் தகரமும்தான் மேலே ஏறுச்சு. டைல்ஸ் இல்லை, சிமெண்ட் தரை. பார்த்தவங்க, "இவ்வளவு செலவழிச்சு இதானா?" என்று கேட்டாங்க. மண்ணுக்குள்ளே இருக்கறதை எப்படிக் காட்டுறது? ரெண்டு மழைக்காலம் போயாச்சு. கதவு ஒரு விரலால் தள்ளினாச் சாத்துது. கடனில் இன்னும் நாலு தவணை பாக்கி, தவறாமக் கட்டிட்டு வர்றேன்.

ஆட்டுக் கொட்டகை, மாட்டுக் கொட்டகை, கழிப்பறை என்று கட்டக் கடன் கேட்கிறவங்ககிட்ட எங்க குழுவில் இப்போ ஒரு கேள்வி சேர்த்துக் கேட்கிறோம்: "வானம் எத்தனை அடி?" உங்க குழுவிலும் கேளுங்க அக்கா.