மார்கழிச் சளியும் ஆரஞ்சு மாத்திரையும்

மார்கழிப் பனி இறங்கிவிட்டால், சேலம் சூரமங்கலம் மருந்துக் கடைகளில் காதில் விழும் பேச்சு இது: "அண்ணா, சளி பிடிக்காம இருக்க அந்த ஆரஞ்சு கலர் சப்புற மாத்திரை ஒரு அட்டை குடுங்க."

அந்த மாத்திரையில் இருக்கும் வைட்டமின் சி-க்கு இத்தனை பெயர் வாங்கிக் கொடுத்தவர் லைனஸ் பாலிங். இரண்டு நோபல் பரிசு பெற்றவர். 1970-இல் இதற்கென்றே புத்தகம் எழுதினார். பெரிய மனிதர் சொன்னால் யார் மறுப்பது? ஆனால் ஆய்வுகள் மறுத்தன. தினமும் சப்பினாலும் பொதுவாக நமக்குச் சளி பிடிப்பது குறைவதில்லை. பிடித்த சளி ஒரு அரை நாள் முன்னதாக விலகலாம், அவ்வளவுதான்.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 65 முதல் 80 மில்லிகிராம் போதும். உழவர் சந்தையில் கூறு கட்டி வைத்திருக்கும் கொய்யாவில் ஒன்றைக் கடித்தாலே அது வந்துவிடும். பெருநெல்லி அதற்கும் மேலே.

வைட்டமின் டி கதை வேறு. லண்டனில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு அது கிடைக்கக் குளிர்கால வெயில் பற்றாது. தினம் 10 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது அந்நாட்டு அரசு. சேலத்தில் மார்கழி மத்தியானத்திலும் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. நாமோ நிழலிலேயே உட்கார்ந்திருக்கிறோம்! நாமக்கல் முட்டையிலும் கொஞ்சம் டி உண்டு, மஞ்சள் கருவை ஒதுக்காமல் சாப்பிட்டால். ரத்தப் பரிசோதனையில் குறைவு தெரிந்தால் டாக்டர் சொன்ன அளவில் மாத்திரை போடலாம். இஷ்டத்துக்குப் போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.